அத்தை டெஸ்ட் எடுத்த காலை

என் கணவர் டெங்கு காய்ச்சலில் போனார். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் வேலூர் பஸ் ஏறிய மறுவாரமே நான் வகுப்பைத் திறந்துவிட்டேன். தைரியம் என்று சிலர் சொன்னார்கள். கல் மனசு என்றும் சிலர் சொல்லியிருப்பார்கள். விடிவதற்கு முன் விழிப்பு வந்தது, எழுந்து போக ஓரிடம் இருந்தது, போனேன்.

அந்த இடம் ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தங்கச் சுரங்கம் ஓடிய மைன்ஸ் காலத்துக் கட்டிடம் ஒன்றில் நான் வாடகைக்கு எடுத்திருந்த ஹால். உள்ளே எட்டு சைக்கிள்கள், இருந்த இடத்திலேயே மிதிக்கும் வகை. பெங்களூரில் நான் வேலை பார்த்த ஜிம்மை மூடியபோது என் கணவரும் நானும் டெம்போ பிடித்துப் போய் ஏற்றிவந்தவை. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு சின்னத் திரை உண்டு. மிதிப்பவரின் கால்கள் எவ்வளவு சக்தி கொடுக்கின்றன என்று வாட்ஸ் கணக்கில் காட்டும். இறுக்கமே வைக்காமல் சும்மா வேகமாகச் சுற்றி அதை ஏமாற்ற முடியாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் வைப்பேன். இருபது நிமிடம், தன்னால் தாங்க முடிந்த உச்சத்தில், விடாமல் மிதிக்க வேண்டும். அந்தச் சராசரியில் கொஞ்சம் கழித்தால் வருவது அவரவர் நம்பர். அதற்குப் பிறகு வகுப்பில் "வேகமா, இன்னும் வேகமா" என்று நான் கத்துவதில்லை. "உங்க நம்பர்ல முக்கால் பங்கு" என்பேன். ஃபேக்டரியில் ரிட்டயரான சாருக்கும் கல்லூரியை இப்போதுதான் முடித்த பெண்ணுக்கும் ஒரே அளவு மூச்சு வாங்கும்.

நான் திரும்பிய வாரம் டெஸ்ட் வாரமாக இருந்தது. வழக்கம்போல நானும் ஒரு சைக்கிளில் உட்கார்ந்தேன். ஒழுங்காகச் சாப்பிட்டுப் பல நாள் ஆகியிருந்தது. நம்பர் நிறையக் குறையும் என்று நினைத்தேன். குறைய வேண்டும் என்று விரும்பினேனோ என்னவோ. இருபது நிமிடம் முடிந்து திரையைப் பார்த்தால் நூற்று எண்பத்து நான்கு. அவர் இருந்தபோது எடுத்த டெஸ்டிலும் அதேதான்.

மெஷின் தப்பு என்று நினைத்து அளவைச் சரிபார்த்தேன். இரண்டு நாள் கழித்து வேறு சைக்கிளில் ஏறி முழு டெஸ்டையும் மறுபடி எடுத்தேன். நூற்று எண்பத்தைந்து காட்டியது.

ரிட்டயரான சார் எட்டிப் பார்த்தார். "சூப்பர் மேடம்! ஒரு வாட்ஸ்கூட குறையல. நீங்க ரொம்ப ஸ்ட்ராங்."

நான் தலையாட்டிவிட்டுக் கைப்பிடியில் இருந்த வியர்வையைத் துடைத்தேன். அந்த நாட்களில் எனக்கு எல்லாமே பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. நாக்கால் தொட்டால் அங்கே ஏதோ இருப்பது தெரிந்தது. அது என்னுடையது என்று தெரியவில்லை.

மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும்தான். அத்தைக்கு என் கணவர் ஒரே பிள்ளை. சாயங்கால ரயில் சத்தம் கேட்டதும் அத்தை வாசலுக்குப் போய் நிற்பார். அவருடைய பிள்ளை தினமும் வேலை முடிந்து பெங்களூரிலிருந்து திரும்பிய ரயில் அது. நின்றபடியே அழுவார். நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

"அழுதுடும்மா. உள்ளவே வெச்சிக்காத" என்பார்.

முயன்று பார்த்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன். வாளிதான் நிறைந்து வழிந்தது.

ஒருநாள் அத்தை ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலிருந்து வந்து, பையைக்கூட இறக்கிவைக்காமல் கேட்டார்.

"ஒன் கிளாசுக்கு வர்ற அந்த ஃபேக்டரிக்காரரு மார்க்கெட்டுல என்னப் பாத்தாரு. அவன் இருக்கசொல்ல ஒனக்கு எவ்ளோ இருந்துச்சோ, இப்பவும் அவ்ளோதானாமே. ஒண்ணுமே கொறையலயாமே."

"அது கால் பலம் அத்தே. வேற ஒண்ணும் இல்ல."

"எனக்கு ரெண்டு படி ஏற முடியல. ஒனக்கு மட்டும் எப்பிடி கொறையாம கீது?"

பையை வாங்கி இறக்கிவைத்தேன். அவர் கேட்டது நியாயம் என்று மட்டும் தோன்றியது. யாரோ இரண்டு பேர் பேசிக்கொள்வதைப் பக்கத்து சீட்டிலிருந்து கேட்பதுபோல.

சில நாட்கள் சாப்பாட்டுக்கு மட்டும் பேசிக்கொண்டோம். பிறகு ஒரு காலையில் நான் கிளம்பும்போது அத்தை கதவருகே நின்றிருந்தார். என்னுடைய பழைய சுடிதாரைப் போட்டிருந்தார். காலில் அவருடைய பிள்ளையின் வாக்கிங் ஷூ. பெரிதாக இருந்ததால் முனையில் துணி அடைத்திருந்தார்.

"நானும் வரேன்."

"எங்க அத்தே?"

"அந்த டெஸ்டுக்குத்தான். எனக்கு இன்னா வருதுன்னு பாக்கணும்."

முதல் நாளே யாருக்கும் டெஸ்ட் வைக்கமாட்டேன் என்றேன். அவருக்கு பிரஷர் வேறு. டாக்டரைக் கேட்டோம், மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற அளவில், ஜன்னலோர சைக்கிளில், அத்தை சில வாரம் வந்தார். ஒருநாளும் தவறவில்லை. வகுப்பில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த டெஸ்ட் நாள் வந்தது. உச்சத்துக்குப் போக வேண்டாம், மூச்சு முட்டாமல் கடைசிவரை ஒரே சீராகப் போனால் போதும் என்று அவருக்குத் தனியாகச் சொன்னேன். எல்லாரும் ஆரம்பித்தார்கள். பாதிக்கு மேல் போனபோது ஒரு சத்தம் கேட்டது. அத்தை அழுதுகொண்டிருந்தார், வாசலில் நின்று அழுவாரே, அதே சத்தத்தில். ரிட்டயரான சார் மிதிப்பதை நிறுத்திவிட்டார். நான் இறங்கி ஓடினேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கண் திரைக்குத்தான் போனது. நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்தொன்று. குறையவே இல்லை.

"நிறுத்திக்கலாமா அத்தே? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"வலி ஒண்ணும் இல்ல. இன்னாத்துக்கு நிறுத்தணும்?" மூக்கை சுடிதார் தோளில் துடைத்துக்கொண்டார். "அழுவுறது நானு. காலு அதுபாட்டுக்கு சுத்தட்டும்."

நான் பக்கத்திலேயே நின்றேன். சார் மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். நேரம் முடிந்ததும் அத்தையைக் கையைப் பிடித்து இறக்கினேன். அவர் கால்கள் வெடவெடவென்று ஆடின.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டின் பக்கமிருந்து வந்த காற்றில் மண் இருந்தது. அத்தை புடவைத் தலைப்பைத் தேடி, அது இல்லையென்று உணர்ந்து, கையால் வாயை மூடிக்கொண்டார். மேட்டைத் தாண்டியதும் கையை எடுத்தார்.

"அழுதுக்கினே மிதிச்சேன். நம்பரு கொறையல, பாத்தியா?"

"பாத்தேன் அத்தே."

"அப்போ அந்த மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாது."

"நான்தான் ஒன்ன ஒரு மாரி நெனச்சிட்டேன்" என்றார்.

இந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். அப்படித் தோன்றியது நினைவிருக்கிறது. அழுகை வரவில்லை. கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் பிடித்தேன். கைப்பிடியை இறுக்கியதில் அவர் உள்ளங்கை சிவந்து சூடாக இருந்தது. அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

அழு என்று அத்தை அதன்பின் என்னிடம் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் படுத்து, உடனே தூங்கிப்போனார். பிள்ளை போனதிலிருந்து பகலில் அவர் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. நான் ஷூவைக் கழற்றி, உள்ளே அடைத்திருந்த துணியை எடுத்து வெயிலில் காயவைத்தேன். அப்போது கேஸ்காரர் சிலிண்டரைத் தெருவில் உருட்டிக்கொண்டு சத்தமாகக் குரல் கொடுத்தபடி வந்தார். நான் வாசலுக்கு ஓடினேன்.

"மெதுவா வைங்கண்ணா," என்றேன். "உள்ள தூங்கறாங்க."