நான் எழுதவிடாத வரி

இந்தியர்களைப் பர்மாவிலிருந்து துரத்திய நாட்களில், ரங்கூன் துறைமுகத்தில் ஒரு சிப்பாய் என் முன்னால் காகிதத்தை நீட்டியபோது நான் பதினோரு வருஷம் வக்கீல் தொழில் பார்த்தவன். வீட்டை மனமுவந்து விட்டுப் போகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. கப்பல் போய்விடுமே என்று கையெழுத்துப் போட்டேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கும்மிடிப்பூண்டியில் வாடகை வீடு பிடித்து, பொன்னேரி கோர்ட்டில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ‘பர்மா வக்கீல்’ என்றார்கள். ரங்கூன் கதையை வழக்கோடு வந்த கட்சிக்காரர்களிடம் சொன்னேன், பிறகு ஒரு அரசியல் கட்சியில் சேர்ந்து தேர்தல் மேடையில் சொன்னேன். ஜனங்கள் கண் கலங்கி ஓட்டுப் போட்டு என்னை ஒன்றியத் தலைவராக்கினார்கள்.

அப்போதுதான் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க வந்தார்கள். நஷ்டஈடு வாங்கும்போது ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், விலை போதாது என்று பின்னால் கோர்ட்டுக்குப் போகலாம். எழுதாவிட்டால் கதவு சாத்தியாயிற்று. இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வரியால் வேலை இழுத்தடிக்கும், ஆலை வேறு ஊருக்குப் போய்விடும், எழுத வேண்டாமென்று ஜனங்களிடம் நீங்களே சொல்லிவையுங்கள் என்று தாசில்தார் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வெட்கக்கேடு, நான் தலையாட்டினேன். அடுத்த தேர்தலில் காட்டுவதற்கு எனக்கும் ஒரு புகைபோக்கி வேண்டியிருந்தது.

வரிசையில் முதலில் நின்றவர் ஐந்து ஏக்கர் நன்செய் வைத்திருந்த விவசாயி. மேலே ஏதாவது எழுதணுமா என்று என்னைத்தான் கேட்டார். ஒன்றும் வேண்டாம், ரேகையை வையுங்கள் என்றேன். அவர் வைத்தார். அவரைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் வைத்தார்கள்.

சில வருஷங்களில் கட்சியை விட்டேன், நீதிபதி வேலை கிடைத்தது. திருவள்ளூரில் ஒருநாள், விலை போதாது என்று அந்த விவசாயி போட்ட மனு என் மேஜைக்கே வந்தது. ஆட்சேபணை இல்லாமல் வாங்கியவர், மனு செல்லாது என்று அரசு வக்கீல் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். ஏன் அந்த வரியை எழுதச் சொல்லவில்லை என்று பழக்க தோஷத்தில் நானே கேட்டுத் தொலைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தெரியாமப் பூட்ச்சுங்க என்றார், அவ்வளவுதான். நிறைந்த கோர்ட்டில் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இந்த வழக்கை நான் விசாரிக்கக் கூடாது என்று எழுதி வேறு நீதிபதிக்கு அனுப்பினேன். அங்கே சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னேன். யார் தடுத்தார்கள் என்பது சட்டத்துக்கு முக்கியமில்லையாம், வரி இருக்கிறதா இல்லையா என்பதுதானாம். மனு தள்ளுபடி. என்ன சட்டம் இது என்று கத்தலாம் போலிருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டே அவர் கட்டை விரலில் மை தடவ விட்டவன் நான்.

வராந்தாவில் அவரை நிறுத்தி, அன்றைக்கே எல்லார் முன்னாலும் என் பேரைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொல்லி இன்னா ஆவப்போவுது? ரங்கூன்ல உங்க ஊட்ட எழுதி வாங்கிக்கினாங்கன்னு மேடையில அழுதீங்களே, அத்தக் கேட்டுக்கினு நானும் அழுதேன். அப்பிடி அடிபட்ட மன்சன் நமக்குத் துரோகம் பண்ணமாட்டாருன்னுதான் ரேகை வச்சேன்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதன் பிறகு ரங்கூன் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை.