கோணல் வட்டத்துக்கு ஓர் இன்ட்டு

பிள்ளைகளே, வழக்கமாக இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் புத்தி சொல்கிறவன் நான். இந்த வாரம் நீங்கள் எனக்குச் சொல்லலாம். அப்படி ஒரு தப்புப் பண்ணிவிட்டேன்.

போன சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. ராத்திரி முழுக்க மூன்றாவது ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், யூனிஃபார்மோடு என் மகள் பவித்ராவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கண்காட்சி வேலைக்குப் பெற்றோர் யாராவது வர வேண்டும் என்று சீட்டு வந்திருந்தது. அவள் அம்மாவுக்குக் கெலமங்கலம் பக்கம், வெளிநாட்டுக்குப் பூ அனுப்புகிற ரோஜாப் பண்ணையில் வேலை. சனிக்கிழமை லீவு கிடையாது. எனக்கு லீவு உண்டு... தூக்கம்தான் கிடையாது.

நாலாம் வகுப்பு டீச்சர் அருணா மிஸ் நாற்பது சதுரக் காகிதங்களை என் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம்.

"ரஷ்யாவுல ஒரு பெயின்டர் இருந்தாராம் சார். வீடு, மரம் எதுவும் வேண்டாம், வெறும் கலரும் வட்டமும் போதும்னு வரைஞ்சிருக்காரு. அதைக் காட்டித்தான் பிள்ளைங்களைப் போடச் சொன்னேன். நீங்க கலர் பார்த்து வரிசையா அடுக்கி வையுங்க, கோந்து எடுத்திட்டு வந்திடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் படித்தது பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ. ரஷ்யாவும் தெரியாது, பெயின்டரும் தெரியாது. ஆனால் வட்டம் தெரியும். கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் எட்டு மணி நேரம் நான் பார்ப்பது வட்டம்தான், இரும்பு வளையங்கள். வெளிவட்டத்துக்கும் உள்வட்டத்துக்கும் ஒரே சென்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பீஸின் மேல் சிவப்பு மார்க்கரால் ஓர் இன்ட்டு, அப்புறம் சிவப்பு ட்ரே. இது பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

மார்க்கர் சட்டைப் பையிலேயே இருந்தது.

கண் பாதி மூடியிருந்தது பிள்ளைகளே, கை மட்டும் விழித்திருந்தது. சென்டர் அவுட் – இன்ட்டு. ஓவல் – இன்ட்டு. கலர் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது – இன்ட்டு. நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று ஒழுங்காக அடுக்கினேன். சுத்தமான வேலை!

"ஐயய்யோ... என்ன சார் இது?"

கோந்து பாட்டிலோடு மிஸ் நின்றிருந்தார். அப்போதுதான் முழுசாகக் கண் விழித்தேன். பதினொரு படங்களின் மேல் பதினொரு சிவப்பு இன்ட்டு.

மைதானத்திலிருந்து பிள்ளைகள் உள்ளே ஓடி வந்தார்கள். ரேவதி என்ற வாயாடிப் பெண் தன் படத்தை எடுத்துப் பார்த்து, "அங்கிள், நான் போட்டது தப்பா?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் என் மகள். ஆரஞ்சு வட்டம் ஒன்று சறுக்கி, பச்சை வட்டத்தின் மேல் சாய்ந்து படுத்திருந்த படம் அவளுடையதாம்.

"என்னுதும் ரிஜெக்டாப்பா?"

அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

"தூக்கக் கலக்கத்துல பண்ணிட்டேன் கண்ணுங்களா" என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பதினொரு பேருக்கும் திங்கட்கிழமை வேறு காகிதம் தருவதாக மிஸ் சொன்னார். பழையவற்றைப் பிள்ளைகளே கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் பவித்ராவின் அம்மாவிடம் சொன்னேன். தலையில் சொருகியிருந்த ரோஜாவை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "காம்பு வளைஞ்சிருக்குன்னு இதை பிளேன் ஏத்த மாட்டாங்க. அதுக்காக இது பூ இல்லாம போயிடுமா? நல்ல ஆளுய்யா நீ. வீட்டுக்கும் அளக்கிற கேஜ் எடுத்துக்கிட்டு வர்ற!"

அவள் சொன்னது சரிதான். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ஷூவைக் கழற்றி வைக்கிற மாதிரி கண்ணைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைக்க முடிகிறதா? பிள்ளை எழுதினால் எழுத்து கோணல் என்கிறோம். பாடினால் சுருதி இல்லை என்கிறோம். சாப்பிட்டால் சிந்துகிறாய் என்கிறோம். வேலை முடிந்து வந்த பிறகும் ஓவர்டைம்!

திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலையிலேயே பள்ளிக்கூடம் போய்விட்டேன். பதினொரு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சில்வர் டம்ளர், ஒரு வளையல், ஒரு பாட்டில் மூடி. டம்ளரைக் கவிழ்த்து ஒரு வட்டம், அதற்குள் வளையல், அதற்குள் மூடி. ரேவதி சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அடித்திருந்தாள். அது அழகாக வந்துவிட்டதாம். மற்ற பத்து பேரும் அதைப் பார்த்து அதே மாதிரி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கையாலதான் போடணும்னு நாலு தடவை சொல்லிட்டேன் சார்" என்றார் மிஸ். "கேட்கவே மாட்டேங்கறாங்க."

நான் குந்தி உட்கார்ந்தேன். "டம்ளர் வேண்டாம் கண்ணுங்களா. சும்மா கையால போடுங்க. கோணலா வந்தாதான் நல்லா இருக்கு."

"இப்ப இப்படிச் சொல்வீங்க அங்கிள்" என்றாள் ரேவதி, தலையைக்கூட நிமிர்த்தாமல். "அப்புறமா வந்து இன்ட்டு போட்டுருவீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். பவித்ரா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் போய், "நீயாச்சும் கையால போடு சாமி. அன்னைக்குப் போட்டியே, ஆரஞ்சு... அது மாதிரி" என்று கெஞ்சினேன்.

"எனக்குக் கையில வராதுப்பா" என்றாள். டம்ளரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது வயசு. போன வாரம் வரைக்கும் வந்த கை.

பதினொன்றையும் கோந்து தடவி ஒட்டிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

கண்காட்சி அன்றைக்கு அவள் அம்மா பாதி நாள் லீவு போட்டு வந்தாள். சுவரை அடைத்துக்கொண்டு நாற்பது சதுரங்கள். பிள்ளைகள் தங்கள் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்து, "இதுதான் என்னுது!" என்று விரலை வைத்தார்கள். தூக்கத்தில் என் கண்ணுக்குத் தப்பியதில் ஒன்று முட்டை மாதிரி, ஒன்று ஓட்டை டயர் மாதிரி. தூரத்திலிருந்தே அவர்களுக்கு அடையாளம் தெரிந்தது.

பவித்ரா கடைசி இரண்டு வரிசைக்கு முன்னால் நின்றாள். ஒன்றைக் காட்டினாள். இல்லையென்று அடுத்ததைக் காட்டினாள். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டாள்.

"எதுடி உன்னுது?" என்றாள் அவள் அம்மா.

"தெரியலம்மா. எல்லாமே கரெக்டா இருக்கு."

ஒரு ரிஜெக்ட்கூட இல்லாமல் இப்படி ஒரு நாள் வந்தால், எங்கள் கம்பெனியில் ஸ்வீட் கொடுப்பார்கள்.