பொதுத் தோட்டம்

1. மலாக்கா டவுனில் மூன்று கம்பெனிகள் சேர்ந்து கட்டும் ஆபீஸுக்கு நான் பிளான் வரைந்தேன்.
2. கட்டடத்தைப் பின்னுக்குத் தள்ளி, ரோட்டோரம் யாரும் வந்து உட்கார மரங்களும் சிமெண்டு பெஞ்சுகளும் வைத்தேன்.
3. கம்பெனிகளின் வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போட்டார்.
4. காட்டில் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருக்கும் அவசரகாலம் அல்லவா? பாதுகாப்பு அதிகாரி வந்து, மரத்துக்குப் பின்னால் பயங்கரவாதி ஒளியலாம் என்று பிளானில் இரண்டு மரத்தை மட்டும் விட்டு மற்றவற்றை அடித்துவிட்டார். நட்டதெல்லாம் சுண்டுவிரல் பருமன் கன்றுகள்.
5. ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, தமிழில் பலகை எழுதினார்.

நாலாவதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்போம்.

அந்த இடத்தை நான் வரைந்ததே நியாலாஸ் போகும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்காகத்தான். டவுனுக்கு வரும் எஸ்டேட் பெண்கள், திரும்பும் பஸ் வரும்வரை இடுப்பில் பிள்ளையோடு அங்கே வெயிலில் நிற்பார்கள். அவர்கள் உட்கார வேண்டும். நான் படித்த படிப்புக்கு அதுதான் முதல் உபயோகம்.

'பப்ளிக் கார்டன்' என்பதைப் பெரிய கிராணி 'பொதுத் தோட்டம்' என்று எழுதினார். இங்கே தோட்டம் என்றால் ரப்பர் எஸ்டேட். மறுநாளே பெம்பான் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து நாலைந்து பேர் பால்மரம் வெட்டும் கத்தியோடு வந்துவிட்டார்கள்.

"புதுத் தோட்டம் தொறந்திருக்காமே, ஆள் எடுக்கிறீங்களா?"

கூட வந்த அக்கா கன்றுகளைப் பார்த்தார். "ரெண்டு மரந்தானா? இதுக்கு எத்தன கங்காணிலா?"

கத்திகளைக் கண்ட காவலாளி விசில் ஊதினான். அதிகாரி ஓடிவந்தார், வந்தவர்களை விரட்டிவிட்டு, பலகையில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரிய கிராணியைக் கேட்டார். அவர் உண்மையைச் சொன்னார்: "எஸ்டேட், சார்."

அவசரகாலச் சட்டத்தில் எஸ்டேட் என்றால் வேலி கட்டாயம். அந்த வாரமே முள்கம்பி, கேட், உள்ளே போக பாஸ் எல்லாம் வந்தன.

"ஐயா, 'பூங்கா'ன்னு மாத்தி எழுதிடுங்க. வேலிய எடுத்துடுவாங்க," என்றேன்.

"பூங்காவா? அது பொஸ்தக வார்த்தம்மா, யாருக்கு வெளங்கும்? தோட்டம்னா எல்லாருக்கும் வெளங்குதுலா. பாத்தேல்ல, கத்தியோடயே வந்துட்டாங்க!"

துரையிடம் போனேன். வேலி போட்டபிறகு புல் சுத்தமாக இருக்கிறது என்று அவருக்குத் திருப்தி.

இப்போது பெஞ்சுகளில் பாஸ் உள்ள கிராணிமார் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். பெண்கள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். பலகையை மாற்றச் சொல்லி நான் கொடுத்த மனு துரையின் மேசையில் இருக்கிறது.