கார்டு இல்லாத கௌபாய் ரயில்

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். என் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது கம்ப்யூட்டரை எங்களிடம் விட்டுப் போனான். வங்காளத்தில், லேக் கார்டன்ஸ் ரயில் ஸ்டேஷனை ஒட்டிய மாடி வீடு எங்களுடையது.

“சும்மா மூடி வச்சா கெட்டுப்போயிடும்மா. அப்பப்ப ஓட விடு” என்று சொல்லி, ஒரு கௌபாய் விளையாட்டைப் போட்டான். எந்தப் பொத்தானை அழுத்தினால் குதிரை எந்தப் பக்கம் போகும் என்று காட்டினான். யாரும் வாங்கவில்லை என்று டாலிகஞ்ச் கடைக்காரர் வேறொரு சிடியோடு சும்மா கொடுத்தது அது. “ரொம்ப மெதுவா போற கேம். உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

கேலிதான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். இங்கிலீஷில் பஸ் நம்பர் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஒரு மாதத்துக்குள் அந்தக் குதிரை என் சொல் கேட்டது. அது களைத்தால் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டும். காற்றடித்தால் அதன்மேல் இருக்கிற கௌபாயின் தொப்பி பறந்துவிடும். இறங்கிப் போய் எடுத்துத் தலையில் வைக்க வேண்டும். வழியில் எதிர்ப்படுகிறவன் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்வான். மகனுடைய மற்ற விளையாட்டுகளில் மரியாதை என்பதே கிடையாது, எடுத்தவுடன் சுடுவார்கள்.

கீழ்வீட்டு வங்காளிப் பெண் வந்தால், “மாஷிமா, இன்னிக்கு எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று அவள் பாஷையில் கேட்பாள். மாஷிமா என்றால் அவர்களுக்குச் சித்தி.

“ஒருத்தரையும் இல்லை. குதிரைக்குத் தண்ணி காட்டினேன்” என்பேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயரானவர். வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டிய மனிதர், ரிட்டயரான பிறகு ஒரு ரயிலிலும் ஏறவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகிற லோக்கல் வண்டிகளைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். அவ்வளவுதான் அவருடைய நாள்.

அந்தச் சமயம் கரக்பூரில் எங்கள் மருமகனுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மகள் போன் செய்தாள். “அப்பா வந்து நின்னாத்தான் பால் காய்ச்சுவேன். அதுவரைக்கும் சாமான் எல்லாம் மூட்டையிலதான் கிடக்கும்.” அவள் என் மகள். சொன்னால் சொன்னதுதான்.

இவரிடம் சொன்னேன்.

“கொடி பிடிச்ச கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இடிபட்டு வரணுமா? நீ போய்ட்டு வா” என்றார்.

நான் கெஞ்சுகிற ஜாதி இல்லை. தனியாகப் போவதாகவும் இல்லை. மகளோ மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டவ்வில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் விளையாட்டில் ரயில் வந்தது. புகை கக்கிக்கொண்டு, கூவிக்கொண்டு. திரை முழுக்க இங்கிலீஷ். பின்னாலிருந்து குரல் கேட்டது.

“என்ன போட்டிருக்குன்னு தெரியுமா உனக்கு? ரயிலைக் கொள்ளையடிக்கச் சொல்றான்!”

கூவல் கேட்டு இவர் எழுந்து வந்திருக்கிறார்.

“அடிச்சா என்னங்க, பொம்மை ரயில்தானே?”

“என் வீட்ல நடக்காது.” அப்படியே குனிந்து பார்த்தார். “ஏய், கடைசிப் பெட்டியில ஆளையே காணோமே! கார்டு இல்லாம வண்டியை எடுத்திருக்கான், மடையன்!”

“அப்ப நீங்க ஏறி நில்லுங்க.”

குதிரையைப் பக்கத்தில் ஓட்டி, குதிக்கிற பொத்தானை அழுத்தினேன். தொப்பிக்காரன் கடைசிப் பெட்டியின் வாசலில் போய் நின்றான். யாரையும் சுடவில்லை, ஒன்றையும் எடுக்கவில்லை. விளையாட்டும் எங்களை வெளியே தள்ளவில்லை. ரயில் பாட்டுக்குப் போனது. செம்மண் காடு, கள்ளிச்செடி, பிறகு ஒரு பெரிய ஆறு, அதன்மேல் மரப்பாலம். வானம் மெல்ல மஞ்சளாகிச் சிவந்தது.

“கொள்ளைக்காரன் இவ்வளவு தூரம் வரவே மாட்டான்” என்றார் மெதுவாக. “ஆனாலும் எவனோ ஒருத்தன் மெனக்கெட்டுப் பாலம் போட்டு வச்சிருக்கான் பார்.”

அதற்குப் பிறகு மத்தியானம் சாப்பிட்டதும் அவருக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒன்று. வளைவு வந்தால் அவர் விசிலடிப்பார். மகனிடம் போனில் சொன்னபோது சிரித்தான். “கொள்ளையடிச்சாத்தாம்மா அடுத்த ஊர் வரும்!”

“எங்களுக்கு அடுத்த ஊர் கரக்பூர்தான்” என்று இவர் காதில் விழும்படி சொன்னேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் இரண்டொரு நாளில் அவரே அலுத்துக்கொண்டார். “என்ன வண்டி இது, எங்கேயும் நிக்கவே மாட்டேங்குது. ஏறினவன் இறங்க வேண்டாமா?”

இதற்காகத்தானே காத்திருந்தேன். “இறங்கணும்னா நிஜ ரயில்லதான் ஏறணும். அந்தத் தொப்பிக்காரனைப் பாருங்க. டிக்கெட்கூட இல்லை, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறான். அவனுக்கு ஏதாவது கௌரவம் குறைஞ்சு போச்சா?”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் மறுபடி பாலத்தில் ஏறியது.

“காலை வண்டின்னா கூட்டம் கம்மியா இருக்கும்” என்றார். “கடைசிப் பெட்டியிலதான் ஏறணும்.”

ஹவுராவில் கார்டு அறைக்கு அடுத்த பெட்டியாகப் பார்த்து ஏறினோம். ஏறுமுன், கொடியை ஒழுங்காகச் சுற்றவில்லை என்று அந்த கார்டுப் பையனிடம் சண்டை. அவன் சிரித்துவிட்டு, திருத்திச் சுற்றிக் காட்டினான். கோலாகாட் பாலம் வந்ததும் இவர் எழுந்து வாசலருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆறு முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

மகள் அன்றைக்கே மூட்டையை அவிழ்த்தாள். பால் பொங்கி வழிந்தபோது, இவர் கூடத்தில் மருமகனிடம், அமெரிக்காவில் தாம் ஒரு ரயில் கொள்ளையைத் தடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரையை ஓட்டியது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

பாலை இறக்கி வைத்துவிட்டு, கூடத்துக்குப் போய் நானே சொன்னேன்.