மனசாரத்தான் இறங்கினாள்

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளிலேயே அந்தச் சரித்திர நாவலை முடித்தேன்.

சோழர் காலம். ஏரிக்கரை கட்டக் கட்ட உடைகிறது. ஒரு பெண் தானாக விரும்பிக் கரைக்குள் இறங்கி, உயிரைக் கொடுத்துத் தெய்வமானாள் என்பது ஊர்க்கதை. துப்புத் துலக்க வந்தவன் கடைசி அத்தியாயத்தில் கண்டுபிடிக்கிறான்: அவளைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அட்டகாசம்! வாய் சும்மா இருக்காமல், எதிரில் சாப்பிட்ட சூப்பர்வைசர் அக்காவிடம் கதையைச் சொன்னேன்.

"அப்படியெல்லாம் பேசாத கண்ணு. எங்கூர்ச் சாமிக்கும் இதே கதைதான். அவ மனசாரத்தான் எறங்குனா."

"அவளைக் கேட்டது யாருங்க்கா?"

அக்கா டிபன் பாக்ஸை மூடிவிட்டார்.

மூன்று மணிக்கு அதே அக்கா ஒரு தாளோடு வந்தார். நாளை பையர் ஆடிட்; சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் வந்து எங்களை விசாரிப்பார்கள். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, விருப்பப்பட்டே ஓவர்டைம் பார்க்கிறோம்.' கீழே எங்கள் பெயர்கள் வரிசையாக டைப் செய்யப்பட்டிருந்தன. முதல் கையெழுத்து அக்காவுடையது.

"கேட்டாங்கன்னா சிரிச்ச மொகமாச் சொல்லோணும் கண்ணு."

நானும் கையெழுத்துப் போட்டேன். எண்ணூறு வருஷம் கழித்து எவனாவது துப்புத் துலக்க வந்தால், அவன் கையில் இந்தத் தாள்தான் கிடைக்கும்.

உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் மனசாரக் கரைக்குள் இறங்கியிருக்கிறீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள். வற்புறுத்தல் எதுவும் இல்லை.