பிள்ளைப்பூச்சிக்குப் பின்னால் மீசை

அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது நாத்தனார். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனது நாத்தனார். பாத்திரம் தீய்ந்ததற்குத் திட்டு வாங்கியது இவள். “நான் இல்லை” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசாமல் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். “சரியான பிள்ளைப்பூச்சியாத்தான் தேடிப் புடிச்சிருக்கான் என் தம்பி!” என்றார் நாத்தனார், பாதி இரக்கமும் பாதிச் சந்தோஷமுமாக. அத்தோடு சரி. பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் அவளுடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. பஸ் ஓட்டுகிற கணவரும் வீட்டுக்குள் நுழையும்போதே, “எங்க நம்ம பிள்ளைப்பூச்சி?” என்றுதான் கேட்பார்.

வேலை, பல்செட் செய்யும் கூடத்தில். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பொருத்தி, அக்ரிலிக்கில் வார்த்து, சின்ன மோட்டாரில் ராவி மெருகேற்றித் தர வேண்டும். ஒரு மயிரிழை உயர்ந்தாலும், “மெல்ல முடியலை” என்று மறுநாளே திரும்பி வந்துவிடும். அவள் செய்தது திரும்பி வந்ததே இல்லை. ஆனால் அந்தத் தொழிலில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பல் நன்றாக அமைந்தால், அது செய்த பல் என்றே யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் வேலை கெட்டது என்று அர்த்தம். எத்தனையோ பேர் அவள் கைவேலையை வாயில் வைத்துக்கொண்டு தெருவில் சிரித்துப் பேசிப் போகிறார்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியாது. ‘நான் செஞ்சதுன்னு எல்லாரும் பாக்குற மாதிரி ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்’ என்று அவளுக்கு ஏக்கம். அதை வெளியே சொன்னால்தானே?

மிஞ்சிய மெழுகில் சாப்பாட்டு நேரத்தில் எறும்பு செய்வாள். அறுந்த கம்பியில் தும்பி முடைவாள். அப்படி ஆரம்பித்ததுதான். அருங்காட்சியகத்தின் பூச்சிக் கூடத்தில் கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்க்க ஒரு மேஜை அமைக்கப் போவதாகவும், அதில் வைக்கும் பூச்சி உருவங்களுக்குப் போட்டி என்றும் அறிவிப்பு வந்தபோது, முதல் முறையாக ஒரு விண்ணப்பம் போட்டாள். கம்பியில் ஒரு சிலந்தி. ஒவ்வொரு கணுவும் மடங்கும். பத்தே நாளில் பதில் வந்தது: ‘சிலந்தி பூச்சி அல்ல. பூச்சிக்குக் கால்கள் ஆறு. படைப்பு ஏற்கப்படவில்லை.’

“எட்டுக்கால் பூச்சின்னு பேர்லயே இருக்கு, பூச்சி இல்லையாமா?” என்று அருங்காட்சியகம் இருந்த திசையைப் பார்த்து நாத்தனார்தான் சண்டை போட்டார். நம் பேச்சு வழக்கில் ஊர்வது, கடிப்பது, பறப்பது எல்லாமே பூச்சிதான். விஞ்ஞானத்துக்கு அந்தத் தாராள மனசு கிடையாது. “போய் ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?” என்றார் கணவர். “விடுங்க” என்றாள். வாய்தான் விட்டது, மனசு விடவில்லை. அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் வந்த எதுவுமே தேறவில்லை என்று மேஜை காலியாகவே கிடந்தது. மறு வருஷம் போட்டி கடுமையானது. ஒரே பூச்சியை மூன்று பொருளில் செய்ய வேண்டும்; முழங்கை நீளம் இருக்க வேண்டும்; தொட்டால் தாங்க வேண்டும். ஜெயித்தால் மேஜையின் நடுவே, செய்தவர் பெயரோடு, என்றென்றைக்கும் இருக்கும். மேஜைக்கான பன்னிரண்டில் மீதிப் பதினோரு பூச்சிகளைச் செய்யும் வேலையும் அவருக்கே. எந்தப் பூச்சி என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், கொல்லைக் குழாயடியில் ஈர மண்ணைக் கிளறும்போது காலடியில் ஒன்று ஓடியது. அசல் பிள்ளைப்பூச்சி.

“அடியே, உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க!” என்று நாத்தனார் சிரித்தார்.

கண்ணாடி ஜாடியில் ஈர மண் போட்டு இரண்டு வாரம் அதை வைத்துப் பார்த்தாள். முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி; ஒவ்வொன்றின் விளிம்பிலும் பல் பல்லாக நான்கு. பல் என்றால் அவளுக்குச் சொல்லவா வேண்டும்? உடம்பு முழுக்க வெல்வெட் மாதிரி மென்மயிர். வால் பக்கம் நீளமாக இரண்டு இழை. அது என்னத்துக்கு என்று புரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டபோது, ஷிப்ட் முடிந்து வந்த கணவர் ஜாடியைக் குனிந்து பார்த்தார். பூச்சி சுரங்கத்தில் முன்னால் போன அதே வேகத்தில் பின்னால் வந்தது.

“பாத்தியா, ரிவர்ஸ் எடுக்குது! அதுவும் பின்னாடி விசில் ஊத கண்டக்டர் இல்லாமலே!”

அவள் உற்றுப் பார்த்தாள். அந்த இரண்டு இழையும் சுவரைத் தடவித் தடவி வந்தன. “இருக்காங்க. ரெண்டு பேர் இருக்காங்க” என்றாள். அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு போகவில்லை.

களிமண்ணில் முதலாவது. மெல்லிய இழைகள் சூளையில் இரண்டு முறை உடைந்தன. கடைசியில் கொஞ்சம் தடிமனாகவே விட்டாள். செம்புக் கம்பியில் இரண்டாவது. பார்க்க அதுதான் அழகு. மூன்றாவதுக்கு வெல்வெட் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே பழுப்பு வெல்வெட், நாத்தனாரின் பழைய ஜாக்கெட். அதைக் கேட்க மூன்று நாள் அவர் அறை வாசற்படி வரை போய்ப் போய்த் திரும்பினாள். நான்காம் நாள் அவரே, “என்னடி, பூனை மாதிரி சுத்தி வர்ற?” என்றார். விஷயத்தைக் கேட்டதும், “எனக்கு எப்படியும் கை நுழையலை, உன் பூச்சியாவது போட்டுக்கட்டும்” என்று தூக்கிப் போட்டார். அந்த வெல்வெட்டில் உடம்பு, பல்செட் அக்ரிலிக்கில் மண்வெட்டிக் கைகள், தூண்டில் நரம்பில் பின் இழைகள்.

தீர்ப்பு நாளன்று பூச்சிக் கூடத்தில் போட்டியாளர்கள் ஏழு பேர். நடுவர்கள் இருவர். ஒருவர், பெரிய பெரிய சிலைகள் செய்து பெயர் வாங்கிய சிற்பி. இன்னொருவர், அருங்காட்சியகத்தின் டெலிபோன் ஆபரேட்டர். பார்வை கிடையாது, மேஜையே அவரைப் போன்றவர்களுக்குத்தான். பூச்சிக் கூடத்து அதிகாரியம்மா லென்ஸும் கையுமாக நின்றார். மதிப்பெண் போடும் உரிமை அவருக்கு இல்லை.

ஆபரேட்டர் முதலில் களிமண்ணைத் தொட்டார். “கனமா, நல்லா இருக்கு. கால் எங்க சேருதுன்னு தெளிவாத் தெரியுது. ஆனா கல்லைத் தொடுற மாதிரிதான் இருக்கு.” அடுத்து கம்பி. வெடுக்கென்று கையை எடுத்தார். “ஐயோ, இது கடிக்குதும்மா!” கம்பி முனைகளை மடக்காமல் விட்டிருந்தாள். அழகில் மயங்கியதற்குத் தண்டனை. நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டாள். மூன்றாவதன் மேல் அவர் விரல்கள் நின்றுவிட்டன. முதுகை நீவினார், கைகளின் பற்களை எண்ணினார், வாலுக்குப் போனார், மறுபடி தலைக்கு வந்தார்.

சிற்பி குனிந்து வால் பக்கம் பார்த்தார். பிறகு சிரித்தார். “என்னம்மா இது, ரெண்டு கொடுக்கு? பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்ச மாதிரின்னு சொல்வாங்க. நீங்க நெசமாவே முளைக்க வச்சுட்டீங்க! நாங்க பூச்சியைத்தான் செய்யச் சொன்னோம், பழமொழியை இல்லை.”

கூடம் கொல்லென்று சிரித்தது. ‘கற்பனைச் சேர்க்கை: இருபது குறைவு’ என்று அவர் தாளில் எழுதியதை அவள் பார்த்தாள். இருபது போனால் பக்கத்து மேஜைக்காரரின் வண்ணத்துப்பூச்சிதான் ஜெயிக்கும். பழக்கதோஷத்தில் அவள் கை பையை எடுத்தது, கால் வாசலைப் பார்த்தது. பைக்குள் நான்காக மடித்த கடிதம் விரலில் பட்டது. அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷக் கோபம் மொத்தமாக வந்தது.

“அது கொடுக்கு இல்லீங்க” என்றாள்.

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். இரண்டாவது முறை இன்னும் சத்தமாகச் சொன்னாள். “கொடுக்கு இல்லீங்க. மீசை. முன்னாடி இருக்குற மாதிரியே பின்னாடியும் மீசை. அது சுரங்கத்துல பின்னாலயும் ஓடும். திரும்பிப் பாக்க இடம் கிடையாது. கண்ணும் உதவாது. பின்னாடி என்ன இருக்குன்னு தடவித்தான் தெரிஞ்சுக்கும்.”

“சொன்னா ஆச்சா, அம்மா? ஆதாரம்?” என்றார் சிற்பி.

ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே கொண்டுவந்திருந்த ஜாடியை அவள் பையிலிருந்து எடுத்தாள், மூடியைத் திறந்தாள், சிற்பியின் மதிப்பெண் தாளின் மேலேயே கவிழ்த்தாள். ஈர மண்ணோடு பிள்ளைப்பூச்சி விழுந்தது. ஒரு நொடி திகைத்தது. அப்புறம் பிடித்தது பார் ரிவர்ஸ்! இரண்டு இழையையும் விரித்து, தாளைத் தடவிக்கொண்டே பின்னால் வந்து, சிற்பியின் சுண்டுவிரலைத் தொட்டது. யானையையும் சிங்கத்தையும் கல்லில் அடக்கிய மனிதர் நாற்காலியோடு பின்னால் எகிறினார்.

அதிகாரியம்மா லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, “அவங்க சொல்றது முழுக்கச் சரி” என்றார்.

ஆபரேட்டர் வாய்விட்டுச் சிரித்தார். “எனக்கு அப்பவே தெரியும் சார். அந்த இழையைத் தொட்டப்போ என் கைத்தடி ஞாபகம்தான் வந்துச்சு. தொடுறதுக்கு என் பங்கு முழு மதிப்பெண்.”

சிற்பி நல்ல மனிதர். எழுந்து வந்து மண்ணைத் தட்டினார், இருபதை அடித்தார், பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டார். “கொடுக்கு முளைச்சது அந்தப் பூச்சிக்கு இல்லைம்மா” என்று அவளைப் பார்த்துக் கைகூப்பினார். வெற்றி அறிவிக்கப்பட்டபோது கைதட்டல் அவள் காதில் விழவில்லை. பூச்சியைப் பிடித்து ஜாடிக்குள் போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

மேஜை திறந்த அன்று வீட்டில் எல்லோரும் வந்தார்கள். நடுவே வெல்வெட் பிள்ளைப்பூச்சி. நாத்தனார் அதன் முதுகை ஒரு முறை தடவி, “என் ஜாக்கெட்டு” என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் பெருமையடித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தார். மேல் வரியில் ‘பிள்ளைப்பூச்சி’ என்று இருந்தது. கீழ் வரியில், ‘செய்தவர்’ என்று போட்டு, அவள் பெயர். நாத்தனார் அதை எழுத்துக் கூட்டி, மெதுவாக, இரண்டு முறை படித்தார்.

பதினோரு பூச்சிகளுக்கான பட்டியலோடு கூடத்தின் அந்தக் கோடியில் நின்றிருந்த அவளை, அந்தப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். அவள் திரும்பினாள்.

“வர்றேன் அண்ணி” என்றாள்.