தம்பி, நீங்க எந்தக் கோயில்?

மலேசியாவில், தங்காக் ஊரில் ரொம்ப வருடமாகத் துணிக்கடை வைத்திருக்கிறேன். சாயம் போகாது என்று சத்தியம் செய்கிற வியாபாரியையும் நம்ப மாட்டேன், போய்விட்டது என்று சேலையைத் திருப்பிக் கொண்டுவருகிறவரையும் நம்ப மாட்டேன். அப்படிப்பட்ட என்னிடம், ஜொகூர் பாருவில் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் ஒரே மகள் போன் செய்து, "அப்பச்சி, லீவுல வாங்க, ஊரெல்லாம் சுத்திக் காட்டுறேன்" என்றால் என்ன நினைப்பேன்? இத்தனை காலத்தில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அவள் எதையும் எனக்குக் காட்டியதில்லை. எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது. மனைவியோ, "நீங்களே போய்ட்டு வாங்க" என்று கடையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கும் ஏதோ தெரியும் போலிருந்தது.

அவள் முதலில் கூட்டிப்போன கண்ணாடிக் கோயிலில் அம்மனைவிட ஆட்களைத்தான் அதிகம் பார்த்தேன். சுவரெல்லாம் கண்ணாடி, பின்னால் வருகிறவனும் தெரிவான். விபூதிக்கு நின்ற ஒரு பையன் என் மகளைப் பார்த்துச் சிரித்தான். நான் முறைத்த முறைப்பில் பூசாமலே போய்விட்டான்.

பழைய கடைத்தெருவில், சந்துச் சுவர்களில் ஆளுயரத்துக்குப் படம் வரைந்திருக்கிறார்கள். அதன் முன்னால் மகளோடு நிற்கும்போது, "அலமாக், நீங்களா!" என்று மலாயில் வியந்துகொண்டே ஒருவன் வந்தான். அவள் ஆபீசாம். தற்செயலாம். தற்செயலாக வருகிறவன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையா போட்டுக்கொண்டு வருவான்? வந்துட்டார்யா மவராசன் என்று பல்லைக் கடித்தேன்.

"தம்பி, நீங்க எந்தக் கோயில்?"

நகரத்தார் செட்டியார்கள் எங்களுக்கு ஒன்பது கோயில். வெளியாள் என்றால் இந்தக் கேள்விக்கு விழிப்பான். எங்கள் கோயில்காரன் என்றால் பங்காளி, என் மகளுக்கு அண்ணன் முறை, கல்யாணப் பேச்சே கிடையாது. அவன் விழிக்கவில்லை. எங்கள் கோயிலின் பெயரையே சொன்னான். அப்பாடா! வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நீயும் எங்களோடு வா என்று நானே கூப்பிட்டேன்.

மேட்டுப் பூங்காவில் படியேறும்போது என் முழங்காலைக் கவனித்துவிட்டு, தனக்குத்தான் களைப்பு என்று சொல்லி அங்கங்கே உட்கார்ந்தான். நான் துணிக்கதை பேசினால் குறுக்கே பேசாமல் கேட்டான். இப்படி ஒரு மகன் எனக்கு இல்லையே என்று வாய்விட்டே சொன்னேன். காலையில் கலகலவென்று இருந்த என் மகள்தான் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அது மட்டும் மனதில் இடித்தது.

சாயங்காலம் கடலோர நடைபாதைக்குப் போனோம். எதிரே சிங்கப்பூர்க் கட்டடங்கள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, புள்ள இங்க தனியா இருக்கா. நீங்க நம்ம கோயில். அவளுக்கு அண்ணனா இருந்து பாத்துக்கங்க."

அவன் என் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்கிள், நான் உங்க கோயில் இல்ல. செட்டியாரே இல்ல. சிம்பாங் ரெங்கத்துல எஸ்டேட்ல பொறந்தவன். இவங்கதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். ஆனா அண்ணனா இருன்னு கேக்குறீங்க பாருங்க, அதுக்கு மட்டும் சரின்னு சொல்ல வாய் வரல."

"பெத்த அப்பனையே ஏமாத்திட்டியா?" என்று மகளைப் பார்த்துக் கத்தினேன். நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அழவில்லை. "சந்தேகப்படாம நீங்க ஒருத்தரைப் பாத்து நான் பாத்ததே இல்ல அப்பச்சி. இவரை ஒரு நாளாச்சும் நீங்க அப்படிப் பாக்கணும்னுதான் சொல்லச் சொன்னேன். பாத்துட்டீங்க. இப்ப சொல்லுங்க, இவர் எப்படி?"

ஆள் சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவன் கையை நான் இன்னும் விட்டிருக்கவில்லை.

"நல்ல பையன்தான்" என்றேன். அதையும் கத்திக்கொண்டேதான் சொன்னேன்.